யாரும் சாகாத ஆஸ்பத்திரி

வாங்க கண்ணுங்களா, இப்படிக் கிட்ட வந்து உட்காருங்க. கதவோரம் இருக்கிறவங்களும் நகர்ந்து வாங்க, இது சத்தமாகச் சொல்கிற சங்கதி இல்லை. ஒரு ஆஸ்பத்திரியின் கதை சொல்லப் போகிறேன். அங்கே மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு உயிர்கூடப் போகவில்லை. கேட்க நல்லாத்தான் இருக்கும். முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே இருங்க, போதும்.

ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் போகிற பெரிய ரோட்டில், கம்பெனிகள் வரிசையாக நிற்கிற இடத்தில்தான் அமரகிரி மருத்துவமனை. ஏழு மாடி, முகப்பெல்லாம் நீலக் கண்ணாடி. கம்பெனி கேட்டுகளில் பார்த்திருப்பீர்களே, ‘விபத்தில்லாத நாட்கள் இத்தனை’ என்று ஒரு பலகை நிற்குமே, அதே போல இங்கேயும் வாசலில் ஒரு பலகை நின்றது. ‘உயிரிழப்பு இல்லாத நாட்கள்’ என்று மேலே எழுதி, கீழே எண்ணை மாட்டியிருந்தார்கள். கெலமங்கலத்து டெய்லர் ஜான்பீட்டரின் மகள் ரெனிட்டா, நர்சிங் முடித்த கையோடு வேலைக்குச் சேர வந்த அன்று அந்த எண் 963.

ரெனிட்டாவுக்கு இருபத்திரண்டு வயது. வெள்ளைக் கோட்டை அப்பாவே தைத்துக் கொடுத்திருந்தார். கவுன்ட்டரில் ஒரு அம்மா அவளுடைய சான்றிதழ்களை எல்லாம் வாங்கி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

“ரெண்டு வருஷம் கழிச்சு வாங்கிக்கலாம்மா.”

“ஜெராக்ஸ் போதாதுங்களா மேடம்?”

“ஜெராக்ஸ் குடுத்த புள்ளைங்க எல்லாம் ஓடிப் போயிடுச்சுங்க. ஒரிஜினல் குடுத்ததுங்க இங்கயேதான் இருக்குதுங்க.” அலமாரியைத் தட்டிக்காட்டினாள், ஏதோ பிள்ளைகளே அதற்குள் இருப்பது போல.

முதல் நாள் புதுப் பெண்களை உட்காரவைத்துப் பேசியவர் ஹரீஷ்குமார். தர மேலாளர். அதற்கு முன்பு வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் இருந்தவர். டாக்டர் இல்லை. ஆனால் அந்த ஏழு மாடியிலும் அவர் தலையசைக்காமல் ஒரு கட்டில் நகராது.

“நான் மருத்துவம் படிச்சவன் இல்லை,” என்று தொடங்கினார். “அதனாலதான் இந்த ஆஸ்பத்திரி நல்லா நடக்குது. படிச்சவங்களுக்கு நோயாளி மேல ஒரு பாசம் வந்துடும். பாசம் வந்தா முடிவெடுக்க லேட்டாகும். கம்பெனியில எங்களுக்கு ஒரே பாடம்தான். பழுதான பீஸ் லைன்ல நிக்கக் கூடாது. சரிபண்ண முடிஞ்சா சரிபண்ணு. முடியலையா, லைனை விட்டு எடு. கஸ்டமர் கண்ணுல படக் கூடாது. உலகத்துல எல்லா ஆஸ்பத்திரியும் சாவைத் தடுக்கப் பார்க்குது. முடியுதா? முடியலை. நாங்க தடுக்கறதில்லை. இடத்தை மாத்துறோம்.”

பெண்கள் கைதட்டினார்கள். கைதட்டச் சொல்லியிருந்தார்கள்.

தினமும் காலை ஏழு மணிக்குப் பலகை முன்னால் எல்லாரும் வரிசையில் நின்று, நெஞ்சில் கை வைத்து ஒரு உறுதிமொழி சொல்ல வேண்டும். ‘இன்றும் இந்த வளாகத்தில் ஒன்றும் நேராது’ என்பது கடைசி வரி. அதைச் சொல்லி முடித்ததும் காவலாளி ஏணியில் ஏறி எண்ணை மாற்றுவார். அவர் இறங்குகிற வரைக்கும் யாரும் மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்காது.

அதற்கப்புறம் சுகுணா சிஸ்டரின் சுற்று. சுகுணா சிஸ்டருக்கு இருபத்தாறு வருஷ அனுபவம். அவருக்கு ஒரு கைப்பக்குவம் உண்டு. நோயாளியின் காலடியில் நின்று போர்வையை விலக்குவார். கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டு விடுவார். வெளுத்த நகம் எவ்வளவு நேரத்தில் சிவக்கிறது என்று பார்ப்பார். முழங்காலைப் புறங்கையால் தொடுவார். அவ்வளவுதான். இத்தனை மணிக்குள் என்று சொன்னால் அது தப்பாது. பழைய ஆஸ்பத்திரியில் அவர் அப்படிப் பார்த்துச் சொன்னதும் சொந்தக்காரர்களுக்கு ஆள் அனுப்புவார்களாம், வந்து கையைப் பிடித்துக்கொள்ள. இங்கே அவருக்குப் பின்னால் ஹரீஷ்குமார் சிவப்பு ஸ்டிக்கரோடு நடந்து வந்தார். சிவப்பு ஒட்டிய கட்டில் ஒரு மணி நேரத்துக்குள் ஆம்புலன்ஸுக்குப் போய்விடும். ஆம்புலன்ஸ் பெங்களூரு பக்கம் போகும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் அத்திப்பள்ளி. அங்கேயே கர்நாடகம் தொடங்கிவிடும். அங்கே நடப்பது எந்தப் பலகையிலும் ஏறாது.

‘சாவு’ என்ற சொல்லை வளாகத்துக்குள் பேசக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. சிறுநீரகக் கல்லோடு வந்த ஒரு லேத் ஆபரேட்டர் வலி தாங்காமல், “ஐயோ, செத்துடுவேன் போலிருக்கே,” என்று கத்திவிட்டார். நோயாளியே வாயால் சொன்ன பிறகு நகத்தை அழுத்திப் பார்க்க என்ன இருக்கிறது என்று ஹரீஷ்குமார் உடனே சிவப்பு ஒட்டினார். மனிதர் கத்தக் கத்த வண்டியில் ஏற்றினார்கள். ரோட்டுப் பள்ளங்களில் வண்டி குலுங்கியதில் கல் எங்கேயோ நகர்ந்து, வலி நின்று, அத்திப்பள்ளியில் இறங்கி டீ குடித்துவிட்டு, கம்பெனி பஸ் பிடித்து இரண்டாவது ஷிஃப்டுக்குப் போய்விட்டார். அந்த மாதத்துச் சிறந்த இடமாற்றம் என்று அதற்கு ஒரு கேடயம் அறிவித்தார்கள். வாங்கிக்கொள்ள அவரைக் கூப்பிட்டார்கள். அவர் போனை எடுக்கவில்லை.

வண்டியோடு போவது புதுப் பெண்களின் வேலை. ஏன் என்று ரெனிட்டா கேட்டதற்கு சுகுணா சிஸ்டர் மருந்துத் தட்டைத் துடைத்துக்கொண்டே, “எங்க பேருக்கு ஒரு மதிப்பு இருக்குதும்மா. உங்க பேரு இன்னும் யாருக்கும் தெரியாது,” என்றார்.

அவளுடைய முதல் வண்டியில் படுத்திருந்தவர் மீசை நரைத்த ஒரு வாட்ச்மேன். வாயில் குழாய். ரெனிட்டா குழாயில் மாட்டிய ரப்பர்ப் பையை அமுக்கி அமுக்கிக் காற்றுக் கொடுத்துக்கொண்டே வந்தாள். எல்லைக்கு முன்னாலிருக்கிற ஜூஜூவாடி வருவதற்குள் அவர் போய்விட்டார். அவளுக்கு அது உள்ளங்கையிலேயே தெரிந்தது. கையை எடுத்தாள்.

“அமுக்குங்க சிஸ்டர், நிறுத்தாதீங்க,” என்றார் முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த கோபி. “இன்னும் ரெண்டு கிலோமீட்டர்.”

“போயிட்டாருங்கண்ணா.”

“தெரியும். எனக்கும் பின்னால பார்க்கற கண்ணாடி இருக்குது. அமுக்குங்க.”

அமுக்கினாள். எல்லையில் ஒரு கர்நாடகப் போலீஸ்காரர் எட்டிப் பார்த்து, “ஏனு கேஸு?” என்று கன்னடத்தில் கேட்டார். “சீரியஸு சார்,” என்றார் கோபி. தடுப்பை ஒதுக்கி வழி விட்டார்கள். ஒரு பிணத்துக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டே அந்தப் பிள்ளை ஒரு மாநிலத்தைத் தாண்டியது கண்ணுங்களா. தாண்டியதும் கோபி சொன்னார்: “இப்ப நேரம் பார்த்துக்குங்க.”

பத்து ஐம்பத்திரண்டு என்று எழுதினாள். ‘நோயாளி நம் வளாகத்தை விட்டு உயிருடன் சென்றார்’ என்று அச்சடித்திருந்த படிவத்தில் கையெழுத்தும் போட்டாள். பின்னாலேயே பைக்கில் வந்த மகன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் கேட்டான்: “எத்தனை மணிக்குங்க?” அவள் பத்து ஐம்பத்திரண்டு என்றாள். அவன் பேனாவை வாங்கி உள்ளங்கையில் குறித்துக்கொண்டான். வருஷா வருஷம் அந்த நேரத்துக்கு அவன் விளக்கு ஏற்றுவான். அது தப்பான நேரம் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தர், கோபி, அடுத்த நோயாளியை ஏற்றப் போய்விட்டார். இன்னொருத்தி அன்றிலிருந்து சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

எண் 998 ஆன அன்று பேரிகையிலிருந்து முனிவேல் வந்தார். அறுபத்தெட்டு வயது, தக்காளி விவசாயி. இதயமும் போய்ச் சிறுநீரகமும் போய், கால் இரண்டும் வீங்கி இருந்தது. வாய் மட்டும் போகவில்லை. மகள் மாதேஸ்வரியோடு தெலுங்கு, போனில் யாரோடோ கன்னடம், நர்ஸ்களோடு தமிழ் என்று மூன்றிலும் கிண்டல் செய்வார்.

“எந்த ஊரும்மா நீ?”

“கெலமங்கலங்க.”

“அதான் ஊசி இவ்வளவு மெதுவா எறங்குது. எங்க ஊரா இருந்தா இந்நேரம் மூணு பாத்திக்கு மருந்தடிச்சிருப்போம்.”

இரண்டாம் நாள் சாயங்காலம், மகள் காபி வாங்கப் போயிருந்தபோது, அவர் குரலைத் தாழ்த்தினார். “இங்க நோயாளியைப் பெங்களூருக்கு ஏத்தி விடுவாங்களாமே. எதிர்க்கட்டில்காரன் சொன்னான். என்னை ஏத்தாதம்மா. சின்ன வயசிலிருந்தே எனக்கு வண்டி ஆகாது. மூட்டையோட டெம்போவில போனாலும் வாந்திதான். சாகறது சாகறேன். வாந்தி எடுத்துக்கிட்டுச் சாக மாட்டேன்.”

ரெனிட்டா சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் அவர் சிரிக்கவில்லை என்று பார்த்தாள்.

ஆயிரமாவது நாள் விடிந்தது. வாகனம் நிறுத்துகிற இடத்தில் பந்தல். பூமாலை சுற்றிய பலகை. சேர்மன் பத்தரைக்கு வந்து நாலாவது இலக்கத்தைத் தன் கையால் மாட்டுவார். காலைச் சுற்றில் சுகுணா சிஸ்டர் முனிவேலின் போர்வையை விலக்கினார். நகத்தை அழுத்தினார். வெளுத்தது வெளுத்தபடியே நின்றது. முழங்காலில் ஊதா நிறத்தில் வலை விழுந்திருந்தது.

“மத்தியானத்துக்குள்ள,” என்றார்.

ஹரீஷ்குமார் ஸ்டிக்கரை ஒட்டினார். நல்ல சட்டை போட்டிருந்தார். “பத்து மணிக்கு வண்டி. ரெனிட்டா, நீ போற.”

“சார், இந்த நிலைமையில ஏத்துனா வழியிலேயே முடிஞ்சுடும் சார்.”

“அதுக்குத்தானே ஏத்துறோம்,” என்றார் அவர், ஒரு பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற பொறுமையோடு.

அவள் டாக்டர் அஸ்வினிடம் போனாள். நல்ல டாக்டர், கெட்டிக்காரர். சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியும் தன் கையால் ஒரு இறப்பை எழுதாதவர். “நான் மேல் சிகிச்சைன்னு எழுதிட்டேன் சிஸ்டர்,” என்று கடிகாரத்தைப் பார்த்தார். “மேல எங்கன்னு நான் எழுதலை.”

ஒன்பதே முக்காலுக்கு ரெனிட்டா மாதேஸ்வரியைக் கட்டிலருகே கூப்பிட்டாள். அந்த ஆஸ்பத்திரியில் ஆயிரம் நாளாக யாரும் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

“அக்கா, அப்பாவுக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான். பெங்களூரு போனாலும் அதேதான். உயிரு வண்டியில போகுமா, இங்க போகுமா, அதுதான் வித்தியாசம். நீங்க சொல்லுங்க.”

மாதேஸ்வரி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். “அவருக்கு வண்டி ஆகாதும்மா,” என்றாள்.

ரெனிட்டா குனிந்து கட்டிலின் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போட்டாள். ஒரு பக்கத் திரையை இழுத்தாள். மறுபக்கத் திரையை யாரோ இழுக்கிற சத்தம் கேட்டது. சுகுணா சிஸ்டர். அவர் முனிவேலின் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மாதேஸ்வரியிடம் சொன்னார்: “கையைப் பிடிச்சுக்கம்மா. இப்ப பிடிச்சாத்தான் அவருக்குத் தெரியும்.” சொல்லிவிட்டு, தான் இருந்ததே தெரியாத மாதிரி வெளியே போய்விட்டார்.

பத்து மணிக்கு வண்டி கிளம்பவில்லை. பத்து ஐந்துக்கு ஹரீஷ்குமார் திரைக்குள் வந்தார்.

“பிரேக்கை எடும்மா.”

“அவங்க வேணாங்கறாங்க சார்.”

“அவங்க கஸ்டமர். அவங்களுக்கு ப்ராசஸ் தெரியாது. உனக்குத் தெரியும். உன் சர்டிபிகேட் எந்த அலமாரியில இருக்குதுன்னும் உனக்குத் தெரியும்.” குரலை உயர்த்தவே இல்லை. “இங்க இருந்து வெளியே போன புள்ளைங்க ரெண்டு பேர் இப்ப டெக்ஸ்டைல் கடையில சேலை மடிக்குதுங்க. நர்சுன்னு சொல்லிக்க அவங்ககிட்ட ஒரு காகிதம் இல்லை. நான் மிரட்டலை. தகவல் சொல்றேன்.”

முனிவேல் கண்ணைத் திறந்தார். “யாருடி இது, மண்டி ஏலக்காரனா? எனக்கு இன்னும் விலை படியலைன்னு சொல்லு,” என்றார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

சேர்மன் கார் வந்துவிட்டது என்று போன் வரவும் ஹரீஷ்குமார் ஓடினார். ஜன்னல் வழியாக மைக் சத்தம் வார்டுக்குள் வந்தது. “இது ஒரு கட்டிடம் அல்ல. இது ஒரு கோட்டை. நோய் வரலாம். வரவேற்போம். மரணம் மட்டும் இந்த வாசலில் நின்று தயங்குகிறது. ஏன்? எங்கள் ஊழியர்களின் கண்ணைப் பார்க்க அதற்குப் பயம்.” கைதட்டல். மாதேஸ்வரி அப்பாவின் கையை இரண்டு கையாலும் மூடிப் பிடித்திருந்தாள். மூச்சு ஒன்று வந்தது. நீண்ட இடைவெளி விட்டு இன்னொன்று வந்தது. அப்புறம் இடைவெளி மட்டும் இருந்தது.

ரெனிட்டா கழுத்தில் விரல் வைத்தாள். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஒரு முழு நிமிஷம் கேட்டாள். மணி பார்த்தாள்.

“அக்கா, அப்பா இறந்துட்டாருங்க. பத்து நாப்பத்தேழு.”

மாதேஸ்வரியின் அழுகை மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து கிளம்பிப் பந்தலுக்குள் போய் இறங்கியது. மைக் ஒரு கணம் நின்றது. சேர்மன் சிரித்துக்கொண்டே, “பிரசவ வார்டு போலிருக்கிறது,” என்றார். கைதட்டினார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் பயங்கரம். அந்த ஆஸ்பத்திரிக்கு இறந்தவரை என்ன செய்வதென்று தெரியவில்லை. மூடுவதற்கு ஒரு வெள்ளைத் துணி எந்த அலமாரியிலும் இல்லை. எழுத ஒரு படிவம் இல்லை. கம்ப்யூட்டரில் ‘குணமடைந்தார்’, ‘இடமாற்றப்பட்டார்’ என்று இரண்டே கட்டங்கள், மூன்றாவது கிடையாது. டாக்டர் அஸ்வின் திரைக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றார்.

“வந்து பாருங்க டாக்டர்.”

“பார்த்தா எழுதணும் சிஸ்டர்.”

“எழுதுங்க.”

“நான் இன்னும் பார்க்கலை,” என்றார். பார்க்கவே இல்லை.

ஹரீஷ்குமார் மூச்சிரைக்க வந்தார். முனிவேலின் முகத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர் இல்லையா, ஒரு நிமிஷத்தில் தெளிந்துவிட்டார். ஆக்சிஜன் முகமூடியை எடுத்துத் தானே முனிவேலுக்கு மாட்டினார். சலைன் ஓடட்டும் என்றார். பின்பக்க லிஃப்டில் இறக்கி வண்டியில் ஏற்றி, அத்திப்பள்ளி தாண்டி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அப்புறம் பேரிகைக்குக் கொண்டுபோய் விடலாம் என்றார்.

“செத்தவரை எதுக்குங்க அவ்வளவு தூரம் சுத்தணும்?” என்றாள் மாதேஸ்வரி.

“அம்மா, இங்க யாரும் அப்படி ஆகலை. உங்க அப்பா ரெக்கார்டுல நல்லா இருக்காரு,” என்றார் ஹரீஷ்குமார் மிகுந்த கனிவோடு. படிவத்தையும் பேனாவையும் ரெனிட்டாவிடம் நீட்டினார். “ஒரு கையெழுத்து. சாயங்காலம் உன் ஒரிஜினல் உன் கையில. ரெண்டு வருஷம்கூட வேணாம்.”

பேனாவை வாங்கினாள். அப்பா விடியவிடிய மிதித்த தையல் மெஷினும், நாலு வருஷப் படிப்பும், துணிக்கடையில் சேலை மடிக்கிற அந்த இரண்டு பெண்களும் அந்தப் பேனா முனையில் வந்து நின்றார்கள். ‘உயிருடன்’ என்ற சொல்லின் மேல் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில், ‘கட்டிலிலேயே இறந்தார், காலை 10.47, மகள் உடன் இருந்தார்’ என்று எழுதினாள். கீழே பெயரைப் போட்டு, தன் பதிவு எண்ணையும் போட்டாள். அலமாரியில் பூட்டிவைத்தாலும் அந்த எண் அவளுக்கு மனப்பாடம். காகிதத்தை மடித்து மாதேஸ்வரியிடம் கொடுத்தாள். முனிவேலின் முகத்திலிருந்து முகமூடியைக் கழற்றினாள்.

கட்டிலைப் பின்பக்க லிஃப்டில் இறக்கி முனிவேலை வண்டியில் ஏற்றினார்கள்; மகளோடு அவளும் ஏறினாள். யாரும் சொல்லவில்லை, ஏறினாள். பெரிய ரோட்டுக்கு வந்ததும் கோபி வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஒரு பக்கம் பெங்களூரு. இன்னொரு பக்கம் ஓசூர், பாகலூர், பேரிகை.

“சிஸ்டர், இந்த வண்டி எங்க போகுதுன்னு ஆபீஸ்ல ஸ்க்ரீன்ல தெரியும்.”

“தெரியட்டுங்கண்ணா.”

“எனக்கு ரெண்டு புள்ளைங்க.”

கோபி கண்ணாடியில் பின்னால் படுத்திருந்தவரைப் பார்த்தார். அப்புறம் சைரனை அணைத்துவிட்டு வண்டியை ஓசூர்ப் பக்கம் திருப்பினார். பாகலூர் தாண்டும்போது போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஹரீஷ்குமார்.

“பேஷண்ட் எப்படி இருக்காரு?”

“இறந்துட்டாருங்க சார்,” என்றாள் ரெனிட்டா. “வீட்டுக்குப் போயிட்டு இருக்காரு.”

அவர் மெதுவாக, கிட்டத்தட்ட அன்பாக, “நீ யாரும்மா பேசறது?” என்று கேட்டார். போனை வைத்துவிட்டார்.

நாலாம் நாள் கெலமங்கலத்துக்கு ஒரு கூரியர் வந்தது. உள்ளே அவள் சான்றிதழ் எல்லாம் இருந்தது. கடிதம் இல்லை, அனுப்பியவர் பெயர் இல்லை. யோசித்துப் பாருங்க, அப்படி ஒரு நர்ஸ் அங்கே வேலையே பார்க்கவில்லை என்று தீர்மானித்துவிட்டார்கள். வேலை பார்க்காதவளின் சான்றிதழை எப்படி வைத்துக்கொள்வது? வேலை பார்க்காதவள் எழுதிய இறப்பு எப்படி இறப்பாகும்? மாதேஸ்வரி போய் இறப்புச் சான்று கேட்டதற்கு, முனிவேல் என்று யாரும் சேரவே இல்லை என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்களாம். அவள் அந்த மடித்த காகிதத்தோடு ஒவ்வொரு ஆபீஸாக ஏறிக்கொண்டிருக்கிறாள். ரெனிட்டாவும் கூடப் போகிறாள். “நான் பக்கத்துல இருந்தேங்க, நான் நர்ஸ்,” என்று ஒவ்வொரு மேசையிலும் சொல்கிறாள். இன்னும் யாரும் எழுதிக்கொள்ளவில்லை. கோபி வேலையில் இல்லை. சுகுணா சிஸ்டர் இன்னும் நகத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். பலகை மறுநாள் 1001 ஆனது. இன்றைக்கும் ஓடுகிறது. பெங்களூரு பஸ்ஸில் போனால் இடது பக்கம் பாருங்க, தெரியும்.

சரி, எழுந்திருங்க, உங்க வீட்டில் தேடுவாங்க. நீங்க நல்லா இருக்கணும் கண்ணுங்களா. உங்க வீட்டுப் பிள்ளைகளுக்குப் படித்த படிப்புக்கு வேலை கிடைக்கணும், கிடைத்த வேலையில் பொய் எழுதாத கை அமையணும். உங்க வீட்டில் யாருக்கு வேளை வந்தாலும், சொந்தக் கட்டிலில், உங்க கையைப் பிடித்துக்கொண்டு, சரியான நேரத்தைச் சொல்ல ஒருத்தர் பக்கத்தில் இருக்கணும். உங்க வாசலில் எந்தப் பலகையும் நிற்காமல் இருக்கணும். போயிட்டு வாங்க.